கலப்படக்காரி வைத்த கிரகம்

பொய்க் கிரகம் செய்வதுதான் அவளுடைய வேலை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முழுவதும் கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் அப்போதும் சிரித்துக்கொள்ளலாம்.

தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றி நம் பூமி மாதிரி வேறு உலகங்கள் இருக்கின்றனவா என்று தேடுகிற அலுவலகம் அது. தொலைநோக்கி எங்கோ வானத்தில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே இருந்ததெல்லாம் மூன்றாம் மாடியில் ஒரு நீள அறை, மேஜைக்கு ஒரு திரை, மூலையில் ஒழுகுகிற ஏ.சி., அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. நட்சத்திரம் பார்க்கிறவர்கள் என்றால் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடுகிற சாதாரண ஜனங்கள்தான்.

திரையில் நட்சத்திரமும் தெரியாது. புள்ளி புள்ளியாக ஒரு கோடு தெரியும். அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் நாளுக்கு நாள் எப்படி இருந்தது என்று காட்டுகிற கோடு. குறுக்கே ஒரு கிரகம் கடந்து போனால் வெளிச்சம் துளி குறையும்; கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அதே இடைவெளியில் அதே பள்ளம் மறுபடி மறுபடி விழுந்தால் அங்கே ஏதோ சுற்றுகிறது என்று பொருள். வித்தை அவ்வளவுதான். கம்ப்யூட்டர் முதலில் சலித்துக் கொடுக்கும். அதன் சல்லடையில் நழுவியதை மனிதக் கண் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் ஏழெட்டுப் பேர் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதில் ஒரு வம்பு உண்டு. கண்டுபிடித்ததை எண்ணிவிடலாம். கண்ணில் படாமல் போனதை எப்படி எண்ணுவது? அதற்குத்தான் அவளை வைத்திருந்தார்கள். நிஜக் கோடுகளுக்குள் பொய்ப் பள்ளங்களைச் செய்து யாருக்கும் தெரியாமல் கலந்து விடுவாள். தேடுகிறவர்கள் அவற்றில் எதைப் பிடித்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தால் அவர்கள் கண் எவ்வளவு கூர்மை என்று தெரிந்துபோகும். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கலப்படக்காரி.

"அரிசியில கல்லு கலக்குறவனைப் போலீஸ் பிடிக்குது. இந்தம்மாவுக்கு மட்டும் மாசா மாசம் சம்பளம்" என்பார் வாளிக்குப் பக்கத்து மேஜைக்காரர்.

எது பொய், எது நிஜம் என்கிற விவரம் அவளிடம் மட்டும் பூட்டி இருக்கும். அதைப் 'பெட்டி' என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறைதான் பெட்டி திறக்கும். அதுவரை தேடுகிறவர்கள் கண்டுபிடித்ததைப் பற்றி அவளிடம் மூச்சு விடக் கூடாது. தங்கள் தீர்ப்பைப் பதிந்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவளும் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. டீ குடிக்க உட்கார்ந்தால்கூட மழை வருமா வராதா என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. இத்தனை வருஷத்தில் அவள் முகம் கழுவித் துடைத்த பலகை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஜன்னலோர மேஜை அவளுடைய அண்ணனுடையது. அந்த அறையிலேயே அதிக காலம் தேடியவர் அவர்தான். ஆனால் அவர் பேரில் ஒரு கிரகம்கூடக் கிடையாது. கிரகம் என்று அவர் துள்ளிக் குதித்ததெல்லாம் கடைசியில் ஒன்றையொன்று சுற்றுகிற இரண்டு நட்சத்திரங்களாகவே முடிந்தன. ஒன்று மற்றதை மறைத்தாலும் பள்ளம் விழத்தானே செய்யும்? இப்படி வானமெங்கும் ஜோடி ஜோடியாகக் கண்டுபிடித்ததால் அவரைக் கல்யாணத் தரகர் என்று கூப்பிட்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர் சிரிப்பதில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்து வரும் தங்கைக்குத் தெரியும்.

அந்த வருஷம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. சூடு என்றார், வாயு என்றார். ஸ்கேன் கட்டி என்றது. வீட்டிலிருந்தே கோடுகளைப் பார்க்கச் சொல்லி அலுவலகத்தில் அனுமதி கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணனைப் பார்க்கப் போனாள். இரண்டாம் மாடி வீடு. கீழே சாவி செய்கிற கடை. மெஷின் கிரீச்சென்று கத்தினால் வீடே பல்லைக் கடித்துக்கொள்ளும். அண்ணி தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். மறுநாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வந்தியா. நீயாவது கேளு உங்க அண்ணனை. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாரு. இவர் என்னடான்னா சினிமா டிக்கெட் மாத்துற மாதிரி வேற தேதி கேட்டுட்டு வந்திருக்காரு."

"வேற தேதியா? எதுக்கு அண்ணி?"

"வேலை இருக்காம். இந்த மாசத்துக்குள்ள எடுத்துட்டா பொழைக்க வழி இருக்கு, தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்றாரு. இவர் சரி சார், சரி சார்னு தலையாட்டிட்டு வந்து மறுபடி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கறாரு. வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாது. எங்கேயோ இருக்கற உலகத்தைத் தேடுறாராம்!" குரல் கேலியில் ஆரம்பித்துக் கேலியாக முடியவில்லை. "நீ சொன்னா கேப்பாரு. சொல்லு."

அண்ணன் உள்ளறையில் இருந்தார். சட்டை தோளில் தொங்கியது. உள்ளே ஆளைக் காணோம் என்கிற மாதிரி இளைத்திருந்தார். ஆனால் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

"பாப்பா, உக்காரு." அவளுக்குத் தலை நரைத்துப் பல வருஷம் ஆகிறது, அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான். "சொல்லக் கூடாதுதான். ஆனா உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்?"

"அப்ப சொல்லாதே. பெட்டி என்கிட்ட இருக்கு, மறந்துட்டியா?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா பாரு."

திரையைத் திருப்பினார். நீளமான கோடு. பல வருஷத்துக் கோடு. அதில் வெகு தூரம் தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் விரல் வைத்தார். பள்ளம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோடு பெருமூச்சு விட்ட மாதிரி லேசான ஒரு தாழ்வு. தெரியாதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

"ஜோடி இல்ல இது. எல்லா விதத்துலயும் சோதிச்சுட்டேன். சின்னது. ரொம்பக் கிட்டவும் இல்ல, ரொம்பத் தள்ளியும் இல்ல. கொதிக்காது, உறையாது. பாப்பா, தண்ணி நிக்கும் அங்க."

அவள் திரையின் மூலையில் இருந்த நட்சத்திரத்தின் எண்ணைப் பார்த்தாள்.

அந்த எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். பொய்க் கிரகங்களை அவள் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. கம்ப்யூட்டரே தாயம் உருட்டுவது மாதிரி உருட்டிப் போடும். அது போட்டதெல்லாம் நெருப்புக் குழம்பும் வாயுப் பந்துமாக வந்த ஒரு நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது. கொஞ்சத்தைக் கையாலும் செய்யலாம் என்று விதியில் இடம் இருந்தது. மனிதர் போய் இருக்கலாம் போல ஒரு உலகத்தை அன்றைக்கு அவள் தானே அளந்து, இதமான தூரத்தில், ஆகச் சின்னதாக, அந்த நட்சத்திரத்தின் கோட்டில் வைத்தாள். பூ வைப்பது மாதிரி வைத்தாள். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்த பலகையில் ஒன்றும் இல்லை.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டே, தெரியும்," என்று சிரித்தார். "அடுத்த பள்ளம் ஆறு வாரத்துல வருது. மலை மேல இருக்கே அந்தப் பெரிய தொலைநோக்கி, அதுல வேலை பாக்கற என் சிநேகிதன்கிட்ட ரகசியமா பேசிட்டேன். ஒரு பொழுது எனக்காக அதை அந்தப் பக்கம் திருப்பறேன்னுட்டான். அதைப் பாத்துட்டுப் போய்ப் படுத்துக்கறேன். எங்க வேணா வெட்டட்டும்."

"முதல்ல ஆபரேஷன் பண்ணிக்கோ அண்ணா. கிரகம் எங்க ஓடிடப் போகுது?"

"அதுக்கு அடுத்தது வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நான் இருப்பேனா?" பயமில்லாமல் கேட்டார். "இல்ல, டாக்டர் மயக்கம் குடுத்து எந்திரிக்காமலே போயிட்டா? இவ்வளவு காலம் உக்காந்ததுக்கு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, நிஜம்னு பாத்துட்டுப் போறேனே."

வெளியே வந்தவளிடம் அண்ணி கேட்டாள்: "என்ன சொன்னாரு?"

"மறுபடி வரேன் அண்ணி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அந்த வாரம் அவள் நடமாடினாள், அவ்வளவுதான். விதியைப் பார்த்தால் வாய் திறக்கக் கூடாது. ஒரே ஒரு வார்த்தையில் அவளுடைய உத்தியோகத்துக்கு இருந்த அர்த்தமெல்லாம் போய்விடும். அது போனால் போகட்டும் என்றுகூட அவளுக்கு ஆகிவிட்டது. அண்ணனின் கண்ணில் இருந்த அந்த வெளிச்சத்தை எந்தக் கையால் அணைப்பது? சும்மா இருந்தால் அவர் ஆறு வாரம் சந்தோஷமாக இருப்பார். பிறகு பெரிய தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பும். அங்கே ஒன்றும் இருக்காது. கிரகமும் போய், ஆபரேஷனுக்கு உரிய காலமும் போய், வெறுங்கையோடு நிற்பார்.

வெள்ளிக்கிழமை அண்ணி போன் செய்தாள். பின்னால் தபால்களில் முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது.

"டாக்டர் திங்கட்கிழமை இடம் காலி இருக்குன்னு சொல்றாரு. கடைசியாக் கேக்குறாராம். நான் கெஞ்சிப் பாத்தாச்சு, கத்திப் பாத்தாச்சு. நீ கொஞ்சம் வா."

போனாள். அண்ணி வேலையிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பினார்.

"தூது வந்தியா?"

"அண்ணா, அது என்னோடது."

"எது?"

"அந்தப் பள்ளம். நான் வெச்சது."

"போடி," என்றார். "ஆபரேஷனுக்கு அனுப்பறதுக்கு என்னவெல்லாம் சொல்றே பாரு." சிரித்தபடியே அவள் பக்கம் திரும்பியவர், இத்தனை வருஷமும் ஒன்றும் காட்டாத அந்த முகத்தைப் பார்த்தார். அது இப்போது எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது.

கீழே சாவி மெஷின் கத்தி ஓய்ந்தது. மறுபடி கத்தியது.

"கையால செஞ்சியா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அதான். மெஷின் போட்டதுக்கு இவ்வளவு லட்சணம் இருக்காது." திரையின் பக்கம் திரும்பினார். "இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே பாப்பா. இனிமே நான் பதிய முடியாதே."

"நீ... இன்னும் பதியலையா?"

"இல்ல."

"கண்டுபிடிச்சதுமே பதிஞ்சிருப்பேன்னு நினைச்சேன். அதுதானே முறை."

"முறைதான். ஆனா எத்தனை தடவை பதிஞ்சுட்டு ஜோடின்னு ஆகி, எல்லாரும் சிரிச்சு... இந்தத் தடவை உறுதி ஆனப்புறம் பதியலாம்னு வெச்சிருந்தேன்." விரலால் மேஜையைத் தடவினார். "பொய்யா இருந்தாத்தான் என்ன? பதிஞ்சிருந்தா, இதை ஒருத்தன் பாத்தான்னு பெட்டி திறக்கறப்ப ஒரு புள்ளி விழுந்திருக்கும். இவ்வளவு சின்னதைக்கூட மனுஷக் கண்ணு பிடிக்கும்னு கணக்குல நின்னிருக்கும். இனிமே அதுவும் இல்ல."

"இப்ப பதிஞ்சுடு அண்ணா. நீ நிஜமாவே கண்டுபிடிச்சதுதானே? யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீயா இதைச் சொல்றே?"

கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போனை எடுத்துச் சிநேகிதரைக் கூப்பிட்டார்.

"நான்தான்ப்பா. அந்தப் பொழுது வேணாம், வேற யாருக்காவது குடுத்துடு... இல்லப்பா, மறுபடி பாத்தேன். ஜோடிதான்." அந்தப் பக்கம் பெரிதாகச் சிரிப்பது அவள் காதுக்கே கேட்டது. அண்ணனும் சிரித்தார். "ஆமாமா, தரகர் வேலையை விட முடியுமா? இன்னொரு கல்யாணம் முடிச்சு வெச்சாச்சு."

போனை வைத்தவர் வலி வந்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். தங்கை பெட்டியைத் திறந்து சொல்லிவிட்டாள் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, தன் கடைசிக் கிரகத்தையும் அவரே ஜோடி என்று சொல்லி முடித்துவிட்டார்.

அண்ணி வந்ததும், "திங்கட்கிழமை போலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றார்.

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். "எப்படிடீ வழிக்குக் கொண்டுவந்தே? என்ன சொன்னே?"

"சும்மா பேசினேன் அண்ணி."

ஆபரேஷன் முடிந்தது. கட்டியை எடுத்தார்கள், எடுத்தது போக வேறு இடத்திலும் பரவியிருந்தது என்றார் டாக்டர். இப்போது வந்ததனால் கொஞ்ச காலம் கிடைக்கும் என்றார். கிடைத்தது. ஒரு மழைக்காலமும் அதை அடுத்த குளிரும் கிடைத்தன. அவள் தினமும் பஸ்ஸில் நேரே அங்கே போவாள். தலையணை மாற்றுவாள், சூப் ஊட்டுவாள். அண்ணனும் தங்கையும் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினார்கள். சாவிக் கடைக்காரருக்கு இரண்டாவது பெண் பிறந்தது, வாளிக்காரர் ஏ.சி.யைத் தானே பழுது பார்க்கப் போய் நனைந்தது, எல்லாம். அதை மட்டும் பேசவில்லை. கம்ப்யூட்டரை அவர் அப்புறம் திறக்கவே இல்லை. அதன்மேல் மருந்துகளை வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு தடவை, தூங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அதுக்கு நிலா வெச்சியா?"

"இல்லண்ணா. தோணலை."

"வெச்சிருக்கலாம்" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குளிர் முடிவதற்குள் போய்விட்டார்.

பெட்டி அதற்குப் பிறகுதான் திறந்தது. எல்லோரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பொய்யாக அவள் சொல்லச் சொல்ல, பிடித்தவர்கள் கை தூக்கினார்கள்; விட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வழக்கம்போல ஒரே கூத்து. ஜன்னலோர மேஜை மட்டும் காலியாக இருந்தது. அவள் கையால் செய்த அந்தச் சின்னக் கிரகத்துக்கு வந்தபோது ஒரு கையும் எழவில்லை.

குழுத் தலைவி கணக்கைப் பார்த்தாள். "இதை யாருமே பிடிக்கலை. இவ்வளவு சின்னது நம்ம கண்ணுக்குச் சிக்காதுன்னு எழுதிக்கலாம். அடுத்தது?"

அண்ணனைத் தவிர ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒருத்தர் பிடிச்சார்" என்றாள்.

"பதிவுல இல்லையே?"

"பதியலை. பதியறதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்." ஜன்னலோர மேஜையைக் காட்டினாள்.

வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தலைவி நல்லவள், அவளுக்கே கண் கலங்கியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பதியாததைச் சேர்க்க முடியாது. விஷயம் வெளியே போய்விட்டதால் யாரும் பிடிக்கவில்லை என்றும் எழுத முடியாது. அந்த நட்சத்திரத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். பெட்டியை இனி வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

"சரி" என்றாள் அவள். தன் கையாலேயே அந்த எண்ணைக் கோடு கிழித்து அடித்தாள்.

அன்று சாயங்காலம் பஸ் பிடித்து அண்ணி வீட்டுக்குத்தான் போனாள். அலுவலகத்துக்குச் சொன்னதை அண்ணிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணி அவருடைய சட்டைகளை யாருக்கோ கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். இவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பூ வைக்கிற மாதிரி வைத்ததையும் சொன்னாள். ஜோடி என்று அவர் போனில் சிரித்ததையும் சொன்னாள்.

அண்ணி மடிப்பதை நிறுத்தவில்லை. கையில் இருந்த சட்டையை முடித்து மற்றவற்றின்மேல் வைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"அப்ப ஆபரேஷனுக்குப் போறப்பவே அங்க ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"தள்ளுவண்டியில படுக்க வெச்சு உள்ள கூட்டிட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுட்டு, 'எனக்கு இனிமே ஒரு வேலையும் பாக்கி இல்ல'ன்னு சொன்னாரு." அண்ணி அடுத்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நிம்மதியாப் போறாரேன்னு நான் சந்தோஷப்பட்டேன். வார்டுல பக்கத்துல இருந்தவங்ககிட்டல்லாம் அதைச் சொல்லிட்டு இருந்தேன்."

அண்ணி அந்தச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டாள். அவிழ்த்தாள். மறுபடி போட்டாள். அப்புறம் அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, காலையில் வைத்த சூப்பை நாத்தனாருக்குச் சுடவைக்க எழுந்து போனாள்.